உருளைக்கிழங்கில் லாபத்தை நிர்ணயிப்பது விதைக்கிழங்கே

நீலகிரி விவசாயிகளுக்கு நான்கே மாதத்தில் ரொக்கம் தரும் பயிர் உருளைக்கிழங்கு. ஆனால் மண்டியில் எண்ணி வாங்கும் பணம் முழுவதும் லாபம் அல்ல. அதில் பெரும்பகுதி விதைக்கிழங்குக்கே போய்விடுகிறது.

ஏக்கருக்கு 40 முதல் 60 கிராம் எடையுள்ள விதைக்கிழங்கு சுமார் 1,300 கிலோ தேவை. நன்கு பராமரித்தால் 6 முதல் 8 டன் வரை மகசூல் கிடைக்கும். 6,500 கிலோ விளைந்ததாக வைத்துக்கொண்டால், போட்டதைப்போல் ஐந்து மடங்குதான். நெல்லைப்போல் எண்பது, நூறு மடங்கு பெருகும் பயிர் அல்ல இது. விதை விலை, விற்கும் கிழங்கின் விலையைப்போல் இரு மடங்கு என்றால், விதைக் கணக்குக்கே 2,600 கிலோ சரியாகிவிடும். மீதி 3,900 கிலோவில்தான் உரம், மருந்து, ஆள் கூலி, சாக்கு, லாரி வாடகை, கமிஷன் எல்லாம் அடங்க வேண்டும். பின்பருவ இலைக்கருகல் தாக்கி மகசூல் 4 டன்னாகக் குறைந்தால் மிஞ்சுவது 1,400 கிலோ. கடன் வாங்கி நட்டவர்கள் சிக்கிக்கொள்வது இங்குதான்.

ஆகவே மருந்துச் செலவைக் குறைப்பதைவிட விதைச் செலவைக் குறைப்பதே புத்திசாலித்தனம். பயிர் பசுமையாக இருக்கும்போதே நோயற்ற செடிகளின் அருகில் குச்சி நட்டு அடையாளமிட்டு, அவற்றின் கிழங்குகளைத் தனியே எடுத்து விதைக்கு வைக்கலாம். இலை சுருண்ட செடியின் கிழங்கு எவ்வளவு திரட்சியாக இருந்தாலும் விதைக்கு ஆகாது. நச்சுயிரி நோய் கிழங்கு வழியே தொடரும்.

இதில் ஓர் எச்சரிக்கை. 1961-ல் நீலகிரியில் கண்டறியப்பட்ட முட்டைக்கூடு நூற்புழு, கிழங்கில் ஒட்டிய மண்ணோடு பரவும். உருளைக்கிழங்கு இல்லாமலே பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடிருக்கும். 2018-ல் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களிலிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்வதை மத்திய அரசு தடை செய்ததும் இதனால்தான். புழு உள்ள வயலின் கிழங்கை, அண்ணன் தம்பி நிலமே ஆனாலும், வேறு வயலுக்கு விதையாகக் கொடுக்கக் கூடாது. அங்கு முட்டைக்கோஸ், காரட், பூண்டு, பீன்ஸ் என்று பயிரை மாற்றுவதும், எதிர்ப்புச் சக்தியுள்ள குப்ரி சுவர்ணா ரகத்தை நடுவதும் பலன் தரும்.

விற்பனையில், ஏப்ரலில் நட்ட கிழங்கு ஆகஸ்டில் மேட்டுப்பாளையம் வரும்போது கர்நாடகத்தின் ஹாசன் பகுதிக் கிழங்கும் சந்தைக்கு வரத் தொடங்கும். அறுவடைக்குப் பத்து நாள் முன்பு தழையை அறுத்துவிட்டால் தோல் முற்றும், உரசலில் உரியாது. பொடிக்கிழங்கையும் பச்சை படிந்ததையும் தோட்டத்திலேயே கழித்து, தரம் பிரித்து அனுப்புவது நல்லது. மண்டியில் முன்பணம் வாங்கியிருப்பவர்கள் பேசிய விலையைப் பார்க்காமல், எல்லாக் கழிவும் போக கிலோவுக்குக் கைக்கு வந்தது எவ்வளவு என்று சீட்டைப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். அடுத்த போகத்துக்கு எத்தனை மூட்டை விதை வாங்கலாம் என்பதை அந்தத் தொகையை வைத்தே முடிவு செய்யலாம்.