மார்ட்டின் லூதர் கிங் திண்டுக்கல் பக்கம் வந்தது தெரியுமா? அதற்குப் பின்னால் ஒரு சின்ன கல்லூரியின் கதை இருக்கு!

திண்டுக்கல்லில் இருந்து மதுரை ரோட்டில் போனால் சின்னாளப்பட்டி பக்கம் காந்திகிராமம். சுங்குடிச் சேலை எடுக்கப் போகிறவர்கள் அந்த வளாகத்தைப் பார்த்துக்கொண்டேதான் போவார்கள். 1959 பிப்ரவரியில் அங்கே ஒரு அமெரிக்கத் தம்பதி வந்து தங்கினார்கள். மார்ட்டின் லூதர் கிங், அவர் மனைவி கொரெட்டா. கிங்குக்கு அப்போது வயது 30.

காந்தியைத் தேடி வந்தார், சரி. ஜார்ஜியாவில் பிறந்த ஒரு பாப்டிஸ்ட் போதகருக்கு காந்தி எப்படி இவ்வளவு நெருக்கமானார்? அதற்கு கிங் படித்த மோர்ஹவுஸ் கல்லூரிக்குப் போகணும்.

தேவாலயத்தின் அடித்தளத்தில்...

அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தால் தண்டனை. ஜார்ஜியாவில் 1829-ல் போட்ட சட்டம் இது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்து இரண்டே வருடத்தில், 1867-ல், அகஸ்டா நகரின் ஸ்பிரிங்ஃபீல்டு பாப்டிஸ்ட் தேவாலயத்தின் அடித்தளத்தில் வகுப்பு தொடங்கியது. தொடங்கியவர் வில்லியம் ஜெஃபர்சன் ஒயிட். போதகர், மரவேலை செய்பவர். கறுப்பின ஆண்களைப் போதகர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆக்குவதுதான் திட்டம்.

1879-ல் அட்லாண்டாவுக்கு இடம் மாறியது. அங்கேயும் முதலில் கிடைத்தது ஃப்ரெண்ட்ஷிப் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் அடித்தளம்தான்! (1881-ல் பெண்களுக்கான ஸ்பெல்மன் கல்லூரியும் அதே அடித்தளத்தில்தான் பிறந்தது.) கறுப்பினத்தவர் ஒருவர், ஜான் ஹோப், கல்லூரித் தலைவராக 1906 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது 39 வருடம். 1913-ல்தான் மோர்ஹவுஸ் என்ற பெயர் வந்தது.

வார்தாவில் ஒரு சந்திப்பு

இங்கேதான் இந்தியா உள்ளே வருகிறது. மோர்ஹவுஸில் படித்த ஹோவர்ட் தர்மன் 1936-ல் காந்தியைச் சந்தித்தார். சில மாதங்கள் கழித்து வார்தாவில் பெஞ்சமின் மேஸ் சந்தித்தார். மேஸின் பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். அகிம்சை பற்றி மட்டுமல்ல, சாதி பற்றியும் காந்தியிடம் கேள்வி கேட்டுவிட்டுத்தான் வந்தார்.

அந்த மேஸ் 1940-ல் மோர்ஹவுஸ் தலைவரானார். 1944-ல், 15 வயதில், கிங் அங்கே சேர்ந்தார். கல்லூரி வழிபாட்டுக் கூடத்தில் மேஸ் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பையன். பின்னர் இறையியல் படிக்கும்போது, இந்தியா போய்த் திரும்பிய மார்டிகாய் ஜான்சனின் உரையைக் கேட்ட கையோடு காந்தி பற்றிய புத்தகங்களை வாங்கிக் குவித்தார். ஜான்சனும் மோர்ஹவுஸ் மாணவர்தான்!

காந்திகிராமம் என்ன மாதிரி இடம்?

டாக்டர் சௌந்தரம், டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். இளம் வயதிலேயே கணவரை இழந்து, பிறகு மருத்துவம் படித்தவர். காந்தியின் ஆசியோடு கேரளத்தைச் சேர்ந்த ஜி.ராமச்சந்திரனை 1940-ல் மறுமணம் செய்தார். சாதி தாண்டிய திருமணம். இருவரும் 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. இந்த வட்டாரத்துத் தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனைப் படிக்க வைத்தவரும் சௌந்தரம்தான்.

இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. மோர்ஹவுஸ் ஒடுக்கப்பட்டவர்களின் சொந்தத் தேவாலயத்துக்குள்ளேயே முளைத்தது. காந்திகிராமம், வசதியான வீட்டுப் பெண் ஒருவர் கிராமத்துக்கு இறங்கி வந்து கட்டியது. கிங் வந்தபோது கிராமியக் கல்வி நிறுவனத்துக்கு மூணு வயசுதான்.

அதே பயணத்தில் கேரளத்தில் ஒரு பள்ளி. மாணவர்களிடம் கிங்கை "அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர்" என்ற பொருளில் அறிமுகப்படுத்தினார் தலைமையாசிரியர். முதலில் திடுக்கிட்டார் கிங். யோசித்துப் பார்த்தபோது, ஆமாம், நானும் அப்படித்தான் என்று தோன்றியதாக 1965-ல் ஒரு பிரசங்கத்தில் சொன்னார்.

கிங்கும் மேஸும் ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தார்கள். யார் முதலில் இறக்கிறாரோ, அவருக்கு மற்றவர் இரங்கல் உரை ஆற்றணும். 1968 ஏப்ரல் 9, மோர்ஹவுஸ் வளாகம். பேச எழுந்தவர் 73 வயது மேஸ்.