பழைய இசைத்தட்டின் விலை

பழமை ஒன்றே ஒரு பொருளுக்கு விலை தருமென எண்ணுவோர் பலர். கிராமபோன் இசைத்தட்டைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பொருந்தாது.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு, அரக்கோடு கல்மாவு முதலியன கலந்து அழுத்திச் செய்யப்பட்டது. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடப் பாட்டே அடங்கும். கீழே விழின் அஃது உடையும்; உருக்கு ஊசி ஓடுந்தோறும் அதன் வரித்தடம் தேயும். ஆகவே, சேகரிப்போர் முதலில் நோக்குவது தட்டின் நிலை. அடுத்து நோக்குவது அதன் அருமை. பெருந்தொகையாக விற்பனையான திரைப்பாடல் தட்டு, மிகப் பழையதாயினும் எளிதிற் கிடைத்தலின், குறைந்த விலையே பெறும். சிறு எண்ணிக்கையில் வெளிவந்த நாடகப் பாட்டு, நாடுவோர் இருப்பின், பன்மடங்கு விலை பெறும். நாடுவோர் இல்லையேல் அருமையும் விலையாகாது.

இவ்விடத்தே பொத்துவில் முதல் கல்முனை வரையுள்ள கரையோர ஊர்களின் நிலை சிந்திக்கத்தக்கது. கடற்கரையின் ஈரக்காற்றால் தட்டிலும் உறையிலும் பூஞ்சணம் படரும். 2004 டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையோ வீடுகளோடு வீட்டுப் பொருள்களையும் வாரிச் சென்றது. எஞ்சியுள்ள இஸ்லாமியப் பாடல் தட்டுகளுக்கு வணிகர் அற்ப விலை கூறலாம். அவ்விலை வாங்குவோரின் விருப்பத்தை அளப்பதேயன்றி, ஊராரின் நினைவை அளப்பதன்று. எனவே, தட்டை விற்க நேரினும், அதற்குமுன் அதன் ஒலியைக் கணினியிற் பதிந்து, பாடியவர் பெயரையும் தட்டின் எண்ணையும் குறித்து வைத்தல் இன்றியமையாதது.