கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் என்ன செய்வது?

சுங்கை பூலோ பக்கம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு எனக்கு இன்னொரு கூட்டம் இருக்கும். ஆண்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதும், பின் வரிசையில் இருந்த பெண்களில் ஒருத்தி மெதுவாக என் பக்கம் வந்து நிற்பாள். சம்பள விஷயமாக இருக்காது.

"அக்கா, பையை எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. எடுத்துட்டா மறுபடி உதிரிப் பழம் பொறுக்க முடியுமா? வேலையிலேருந்து நிறுத்திடுவாங்களா?"

போன மாதம் கேட்ட அந்தத் தங்கைக்கு வயது 38. இதே கேள்வியை எத்தனையோ பேர் காதோடு கேட்டுவிட்டார்கள். ஆகவே இந்த வாரம் இதை வெளிப்படையாகவே எழுதுகிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆண் தோழர்களும் கட்டாயம் படியுங்கள். வீட்டில் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

என் அம்மா பட்ட பாடு

என் அம்மா பால்மரம் வெட்டியவர். 1991ஆம் ஆண்டில் எனக்குப் பத்து வயது. அம்மாவுக்கு மாதத்தில் பத்து, பன்னிரண்டு நாள் உதிரம் போகும். பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு விடியுமுன்னே பெரட்டுக்குப் போய்விடுவார். இரண்டு வாளிப் பாலையும் தோளில் காண்டா போட்டுத் தூக்கி ஸ்டோருக்கு நடப்பார். "இன்னிக்கு முடியல" என்று சொன்னால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் கூலி கிடையாது.

ஒருநாள் நிரையிலேயே மயங்கி விழுந்தார். லோரியில் ஏற்றிக் கொண்டு போனார்கள். இரத்தம் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தார். கர்ப்பப்பையில் தேங்காய் அளவுக்குக் கட்டி. எடுத்துவிட்டார்கள். மூன்றாவது வாரமே அம்மா மறுபடி வாளியைத் தூக்கினார். தையல் பிரிந்து மறுபடியும் ஆஸ்பத்திரி. சம்பளத்தோடு லீவு உண்டு என்று யாரும் சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் தெரியவில்லை.

கரும்புத் தோட்டத்துப் பெண்கள்

கூலிக்குப் பயந்து என் அம்மா வியாதியை மறைத்தார். அதே கூலிப் பயத்தால் கர்ப்பப்பையையே எடுத்துக்கொண்ட பெண்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் மகாராஷ்டிரா மாநிலத்து பீட் மாவட்டம் வறட்சிப் பூமி. அங்கிருந்து வருடா வருடம் குடும்பம் குடும்பமாகக் கரும்பு வெட்டப் போகிறார்கள். கணவன் மனைவி இருவரையும் சேர்த்து ஓர் அரிவாள் என்றுதான் கணக்கு. நம் பாட்டன் காலத்துக் கங்காணி மாதிரி அங்கே 'முக்காதம்' என்ற குத்தகைக்காரர் முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போகிறார். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். தங்குவது வயலோரக் கூடாரம். கழிப்பறை கிடையாது. மாதவிலக்கு வந்தாலும் ஓய்வு கிடையாது.

வயிற்று வலி, வெள்ளைப்படுதல் என்று தனியார் டாக்டரிடம் போனால், "வைத்திருந்தால் புற்றுநோய் வரும், எடுத்துவிடு" என்று பயமுறுத்திய கதைகள் வெளியே வந்தன. பிள்ளைதான் பெற்றாச்சே, எடுத்துவிட்டால் மாதாமாதம் கூலி போகாதே என்று பெண்களும் சம்மதித்தார்கள். 2019ஆம் ஆண்டு மாநில அரசு கணக்கெடுத்தது. அந்த மாவட்டத்தில் விசாரித்த 82,309 பெண் கரும்புத் தொழிலாளர்களில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருத்தி! 2023 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்கும் விதிமுறைகளை எல்லா மாநிலங்களும் அமல்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது.

எடுப்பதா வேண்டாமா என்பதை உடம்பின் தேவைதான் தீர்மானிக்க வேண்டும். கூலி தீர்மானிக்கக் கூடாது. இனி கேள்விகளுக்கு வருவோம்.

கர்ப்பப்பை எடுப்பதும் குடும்பக் கட்டுப்பாடும் ஒன்றா?

இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டில் கருக்குழாயைக் கட்டுகிறார்கள், பை உள்ளேயே இருக்கும், மாதவிலக்கும் வரும். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் மாதவிலக்கு நின்றுவிடும், பிள்ளையும் பிறக்காது. சிலருக்குப் பையோடு சினைப்பையையும் எடுப்பார்கள். இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாதவிலக்கு நிற்காத வயதில் சினைப்பை இரண்டையும் எடுத்தால் உடம்பு திடீரென்று முதுமைக்குப் போகும். உடம்பு தீயாய்க் காயும், தூக்கம் கெடும், எலும்பு பலவீனப்படும்.

கட்டி என்றால் புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. கர்ப்பப்பையில் வரும் நார்க்கட்டி பல பெண்களுக்கு உண்டு. அது புற்றுநோயாக மாறுவது மிக மிக அபூர்வம். தொல்லை தராவிட்டால் சும்மா விட்டு வைக்கலாம். மாதவிலக்கு நின்ற பிறகு தானாகவே சுருங்கும்.

எடுக்காமல் வேறு வழி உண்டா?

பலருக்கு உண்டு. இரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை இருக்கிறது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வளையம் இருக்கிறது. கட்டியை மட்டும் எடுக்கும் அறுவையும் உண்டு. பாரம் தூக்கித் தூக்கி அடி இறங்கிய பெண்கள் நம்மிடையே நிறைய. அவர்களுக்குத் தாங்கு வளையமும் உடற்பயிற்சியும் உதவும். ஆனால் புற்றுநோய் என்றாலோ, எந்த மருந்துக்கும் உதிரம் நிற்காவிட்டாலோ, அறுவையே உயிரைக் காக்கும். அப்போது பயந்து ஓடக்கூடாது.

எடுத்தால் பலம் போய்விடுமா? குடும்ப வாழ்க்கை கெடுமா?

இரண்டும் தப்பான பேச்சு. உதிரம் போய் இரத்தச்சோகையில் கிடந்தவர்கள் எடுத்த பிறகு தெம்பாக நடமாடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் காயம் ஆற வேண்டும். வயிற்றைத் திறந்து செய்திருந்தால் ஆறிலிருந்து எட்டு வாரம் வரை பாரம் தூக்கக் கூடாது. பால் வாளி, பழ மூட்டை, தண்ணீர்க் குடம், தூக்கச் சொல்லி அழும் பேரப்பிள்ளை, எல்லாம் இதில் சேர்த்தி. தாம்பத்தியமும் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான். கணவன்மார் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

மணிக்கொரு துணி நனைந்தால். கட்டி கட்டியாக உதிரம் போனால். ஏழு நாளுக்கு மேல் நிற்காவிட்டால். உறவுக்குப் பிறகு இரத்தம் கண்டால். நாற்றமுள்ள வெள்ளை பட்டால். எல்லாவற்றையும் விட முக்கியம், மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே போங்கள். "வயசாச்சு, அப்படித்தான்" என்று சும்மா இருக்காதீர்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் பாப் ஸ்மியர் சோதனை செய்கிறார்கள், ஐந்து நிமிட வேலை. 2010 முதல் 13 வயதுப் பள்ளிப் பெண்பிள்ளைகளுக்கு இந்த நோயைத் தடுக்கும் ஊசியை அரசு இலவசமாகப் போடத் தொடங்கியது. பள்ளியிலிருந்து பாரம் வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

லீவும் சம்பளமும்

இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மருத்துவமனையில் தங்க வேண்டிய நோய்க்கு வருடத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு லீவு உண்டு. 2023 ஜனவரி முதல் இது சாதாரண எம்.சி. லீவில் கழியாது. இரண்டும் தனித்தனி. வீட்டில் இருந்தாலும், மருத்துவமனையில் இருக்க வேண்டிய அளவு நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களும் இந்தக் கணக்கில் சேரும். நாட்கூலிக்காரருக்கும் உண்டு, குத்தகைக்காரரிடம் வேலை செய்பவருக்கும் உண்டு.

ஒன்றை மறக்காதீர்கள். லீவு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். மண்டோரிடம் வாயால் சொன்னது போதாது. எம்.சி. சீட்டை ஆபீசில் கொடுத்து, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். "நீ வராதே" என்று யாராவது சொன்னால் அன்றைக்கே சங்கத்துக்கு வாருங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

எனக்கு என்ன நோய்? எடுக்காமல் மருந்தில் பார்க்க முடியுமா? பொறுத்திருந்தால் என்ன ஆகும்? சினைப்பையையும் எடுப்பீர்களா? எத்தனை வாரம் லீவு எழுதிக் கொடுப்பீர்கள்? இந்த ஐந்தையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மலாய் சரளமாக வராவிட்டால் பேசத் தெரிந்த மகளையோ பக்கத்து வீட்டு அக்காவையோ துணைக்கு அழையுங்கள். பாரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தனியார் கிளினிக்கில் அவசரப்படுத்தினால், கிளினிக் கெசிஹாத்தானில் கடிதம் வாங்கி அரசாங்க மருத்துவமனையில் மகளிர் நிபுணரைப் பாருங்கள். இரண்டாவது டாக்டரிடம் கேட்பது முதல் டாக்டரை அவமதிப்பது ஆகாது.

முதலில் சொன்ன தங்கையோடு நானும் போனேன். ஸ்கேன் பார்த்தார்கள். சின்னக் கட்டிதான். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நாளைக்கு எடுக்க வேண்டியும் வரலாம். "வந்தா வரட்டும் அக்கா. இப்ப லீவு கேக்கத் தெரியும்" என்றாள் திரும்பி வரும் வழியில்.

என் அம்மாவுக்கு அன்று இதைச் சொல்ல ஆளில்லை. உங்கள் பக்கத்து வீட்டில் ஒருத்தி சொல்லாமல் வலியோடு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கலாம். இந்தத் தாளை அவளிடம் கொடுங்கள்.