உலைக்களத்துக் கணக்கு

ஜாம்ஷெட்பூரில் 1911-ஆம் ஆண்டிலேயே இரும்பு உருகி வழிந்தது. ஊதுலைகளின் செவ்வொளியைக் கண்டு வளரும் நம் சிறுவர்களும் இரசாயனச் சமன்பாடு என்றதும் அஞ்சுவது விந்தையே!

ஹெமடைட் தாதுவின் வாய்பாட்டில் இரும்பணு 2, பிராணவாயு அணு 3. கோக் கரியினின்று பிறக்கும் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு பிராணவாயு அணுவையே கவர்ந்து கரியமில வாயுவாகும். ஆகவே, 3 மூலக்கூறுகள் வேண்டும். எஞ்சுவன 2 இரும்பணுக்கள். பிள்ளைகள் இடறுமிடம் ஒன்றுண்டு: முன்னெண்ணை விடுத்துக் கீழெண்ணை மாற்றிவிடுவர். அவ்வாறு மாற்றினால் பொருளே வேறாகிவிடும்.

எடையிட்டும் காட்டுங்கள். தூய ஹெமடைட் 160 கிலோ, கார்பன் மோனாக்சைடு 84 கிலோ, ஆக 244. விளைவன இரும்பு 112, கரியமில வாயு 132. பெற்ற இரும்பினும் வெளியேறிய வாயுவே எடை மிகுந்தது!