லயத்திலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

மழைக்கால விடியல். மூன்று வயதுப் பிள்ளைக்கு இரவெல்லாம் காய்ச்சல். ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்தபடி தாய் விழித்திருக்கிறாள். பிரட்டுக்குப் போகும் நேரம் வந்ததும் அவள் ஒரு முடிவெடுக்க வேண்டும். பிள்ளையை அம்மாயியிடம் விட்டுவிட்டு மலைக்குப் போனால் அன்றைய பேர் விழும். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் பேர் போய்விடும். ஓட்டோவுக்குக் கடன் வாங்க வேண்டும். வரிசையில் நின்று, மருந்தெடுத்து, கடைசி பஸ்ஸைப் பிடித்து வீடு வரும்போது பொழுது சாய்ந்துவிடும். "இன்றைக்கு ஒரு நாள் பார்ப்போம், நாளைக்குக் கொண்டுபோவோம்" என்று அவள் நினைப்பது அன்பில்லாமல் அல்ல. அவளுடைய கணக்கு அப்படி.

ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் இந்தக் கணக்கைப் போடாத தாய் எவருமில்லை. இலங்கையில் வைத்தியம் இலவசம் என்று உலகமே பாராட்டுகிறது. பாராட்டுக்கு நாம் தகுதியானவர்கள்தான். ஆனால் வைத்தியம் இலவசமாக இருந்தாலும், வைத்தியரிடம் போய்ச் சேர்வது தோட்டத்துப் பெண்ணுக்கு இலவசமாக இல்லை.

இந்தக் குறையை முதலில் எழுத்தில் வைத்தவர்களுள் வைத்தியர்களும் இருந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஏறக்குறைய நூற்றைம்பது வருடக் கதை அது.

கம்பளையில் ஒரு வைத்தியர்

நமது முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த காலம் அது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கால்நடையாகவும் தோணியிலும் வந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவிலும் அம்மையிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்கும் குளிரும் வயிற்றோட்டமும் காத்திருந்தன. நோய் முற்றி வேலை செய்ய முடியாமற் போனவர்களைத் தோட்டத்தில் வைத்துப் பார்க்க ஆளில்லை.

1860களின் இறுதியில் கம்பளை அரசாங்க ஆஸ்பத்திரியில் கடமையாற்றியவர் வைத்தியர் டபிள்யூ. ஜி. வான் டோர்ட். இந்நாட்டின் பறங்கியர் சமூகத்தவர். தம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படும் தோட்டத் தொழிலாளர் எந்த நிலையில் வந்து சேர்கிறார்கள் என்பதை அவர் அறிக்கையாக எழுதி அரசாங்கத்துக்குக் கொடுத்தார். எலும்பும் தோலுமாக, மருந்து பயன்தரும் கட்டம் தாண்டிய பிறகே பலர் வருகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். அன்றைக்குத் துரைமார் செல்வாக்கு எப்படிப்பட்டது என்பதை நாம் அறிவோம். அந்தச் செல்வாக்கின் கீழ் இருந்துகொண்டு ஓர் அரசாங்க வைத்தியர் இதை எழுதியது சிறிய காரியமல்ல.

இப்படிப்பட்ட முறைப்பாடுகளின் பின்பே 1872ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகள் வைத்தியப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. செலவில் தோட்டங்களும் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. 1912இல் மேலும் இரண்டு சட்டங்கள் வந்தன.

சட்டங்களால் நன்மை உண்டாகவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவற்றோடு ஒரு பழக்கமும் வேரூன்றியது. தொழிலாளியின் நோய் துரையின் பொறுப்பு, அரசாங்கத்தினுடையது அல்ல என்ற எண்ணமே அது. கொழும்பிலோ காலியிலோ இருப்பவர் நோயுற்றால் அவர் நாட்டின் பிரஜை. தோட்டத்தில் இருப்பவர் நோயுற்றால் அவர் தோட்டத்துக் கணக்கில் ஓர் ஆள்.

கொக்கிப்புழு சொன்ன பாடம்

தோட்டங்களில் அக்காலத்தில் பரவலாகக் காணப்பட்டது கடுமையான இரத்தச்சோகை. முகம் வெளிறி, கால் வீங்கி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். சோம்பேறிகள் என்று ஏச்சு வாங்கியவர்களில் பலர் உண்மையில் நோயாளிகள். வெறுங்காலுடன் நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் இருந்து இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவே அதற்குப் பெருங்காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியுடன் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. மருந்து கொடுத்தார்கள், புழு போயிற்று. சில மாதங்களில் திரும்பவும் வந்தது. மலசலகூடம் இல்லாத இடத்தில் மண்ணே புழுவின் வீடு. மலசலகூடம் கட்டாமல் மருந்து மட்டும் கொடுப்பதில் பயனில்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். செலவைக் கேட்டதும் பல தோட்டங்கள் தயங்கின.

மருந்துக்கு மட்டுமல்லாமல், தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் வீட்டுக்கும் பாதைக்கும் ஒதுக்கும் காசும் சுகாதாரத்துக்குரிய காசுதான் என்ற உண்மையை இந்தப் புழு அன்றே கற்றுக்கொடுத்தது.

காசு போன இடத்தில் பிள்ளைகள் பிழைத்தார்கள்

1931இல் சர்வசன வாக்குரிமை வந்த பின், வாக்குக் கேட்டு வந்த அரசியல்வாதிகளிடம் கிராம மக்கள் ஆஸ்பத்திரி கேட்டார்கள். கிராமத்துக்குக் கிராமம் மருந்துச்சாலையும் மருத்துவிச்சியும் வந்தது இப்படித்தான். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின்னர் நம்மவரில் பெரும்பான்மையோர் வாக்கில்லாதவர்களாயினர். வாக்கில்லாதவன் வாசலுக்கு எந்த அமைச்சர் வருவார்? இலவச வைத்தியம் நாடெங்கும் வளர்ந்தபோது தோட்டங்கள் வெளியே நின்றன.

அதன் விலையைக் குழந்தைகள் கொடுத்தார்கள். உணவுத் தட்டுப்பாடு கடுமையாயிருந்த 1974இல், தோட்டங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கும் மேற்பட்டவை ஒரு வயதைக் காணவில்லை. நாடு முழுவதற்குமான கணக்கு அதில் பாதியளவே.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன்பின் தோட்டச் சுகாதாரத்துக்கெனத் திட்டங்கள் வந்தன. மருத்துவிச்சிகள் நியமிக்கப்பட்டார்கள், பிள்ளைமடுவங்கள் திருத்தப்பட்டன, தடுப்பூசி லயத்து வாசலுக்கு வந்தது. வீட்டில் நடந்த பிரசவங்கள் ஆஸ்பத்திரிக்கு மாறின. 1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போனபோது, சமூகநல வேலைகளுக்கென ஒரு நிதியம் அமைக்கப்பட்டது. இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று நாம் அறிவது அதுதான். குழந்தை மரணம் பெருமளவு குறைந்தது. "தோட்டத்து ஆட்களுக்கு எவ்வளவு செய்தாலும் திருந்த மாட்டார்கள்" என்று பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை. காசும் ஆட்களும் போன இடத்தில் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

ஆனால் பிழைத்த பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்களா? 2016ஆம் ஆண்டின் தேசியக் குடித்தொகை, சுகாதார ஆய்வைப் பாருங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் 17 சதவீதம். தோட்டங்களில் ஏறக்குறைய 32 சதவீதம். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை! இரத்தச்சோகையுள்ள தாய், எடை குறைந்து பிறக்கும் குழந்தை, வளர்ச்சி குன்றிய சிறுமி, அவளே நாளைய தாய் என்று இந்தச் சங்கிலி நீள்கிறது.

இரண்டு கதவுகள்

நோய் வந்தால் கிராமத்துப் பெண் அரசாங்கத்தின் கதவைத் தட்டுகிறாள். தோட்டத்துப் பெண்ணுக்கோ முதலில் இருப்பது கம்பனியின் கதவு. அங்கே இருப்பவர் தோட்ட வைத்திய உதவியாளர். வாழ்நாள் முழுவதையும் தோட்டத்து மக்களுக்காகச் செலவிட்ட நல்ல உதவியாளர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அவர் மருத்துவப் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். சில தோட்டங்களில் அந்த இடமும் வெற்றிடம்.

1990களின் நடுப்பகுதியிலிருந்து தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. சில பொறுப்பேற்கப்பட்டன. மற்றவை கம்பனியிடமே இருந்துவிட்டன. கட்டடம் யாருடையது, நிலம் யாருடையது, சம்பளம் யார் கொடுப்பது என்ற கேள்விகளுக்கிடையில் பல கட்டடங்கள் கூரை ஒழுகி நின்றன.

பாதையின் கதையும் இப்படித்தான். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்திலிருந்த ஒரு பிரிவு, தோட்டத்துக்குள் பிரதேச சபை தாராளமாகச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. அச்சட்டம் திருத்தப்பட்டது 2018இல்தான். முப்பத்தொரு வருடம்! அம்புலன்ஸ் ஏறமுடியாத பாதையில் கர்ப்பிணியைக் கம்பளியில் தூக்கிச் சென்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

நன்மைகளையும் மறைக்கக் கூடாது. இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு கட்டப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையை 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் திறந்து வைத்தார். 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமான 1990 இலவச அம்புலன்ஸ் சேவை பின்னர் நமது பகுதிகளுக்கும் வந்தது. ஆனால் கட்டில் இருந்தால் போதுமா? விசேட வைத்திய நிபுணர், தாதி, ஆய்வுகூடம், மருந்து, தமிழ் பேசும் ஊழியர் எல்லாம் சேர்ந்தால்தான் அது ஆஸ்பத்திரி.

வைத்தியர்கள் குரல் கொடுத்தபோது

2022ஐ நாம் மறக்க மாட்டோம். டொலர் இல்லாமல் மருந்து இல்லை. மார்ச் மாத இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. மலையகத்திலிருந்து பாரமான நோயாளிகளைக் கொண்டுபோகும் இடம் அது. ஏப்ரலில் அரச வைத்திய அதிகாரிகள் சங்கம் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. இலங்கை மருத்துவ சங்கம் ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதி, அவசர சிகிச்சைகூடச் செய்யமுடியாத நாள் நெருங்குகிறது என்று எச்சரித்தது. வைத்தியர்களும் தாதியரும் பதாகை பிடித்துத் தெருவில் நின்றார்கள். அந்தக் குரலைக் கேட்டு வெளிநாடுகளிலிருந்தும், கடல்கடந்து வாழும் நம் மக்களிடமிருந்தும் மருந்து வந்தது.

அதன்பின் ஏராளமான வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். வெற்றிடம் விழும்போது அது முதலில் விழுவது தூரத்து ஆஸ்பத்திரிகளில்தான். கொடுப்பனவு கேட்டு வேலைநிறுத்தங்களும் நடந்தன. 2024இன் தொடக்கத்தில் வைத்தியர்களின் கொடுப்பனவு 35,000 ரூபாவால் கூட்டப்பட்டபோது, தமக்கும் வேண்டுமென்று ஏனைய சுகாதார ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுக்கும் குடும்பம் உண்டு, நியாயமும் உண்டு. ஆனால் ஒரு நாள் பேரை விட்டு, கடன் வாங்கி வந்த தாய் பூட்டிய கவுண்டரைப் பார்த்துத் திரும்பும்போது அவளுடைய நியாயத்தை யார் பேசுவது?

நாடு உற்பத்தி செய்யும் நூறு ரூபாவில் அரசாங்கம் சுகாதாரத்துக்குச் செலவிடுவது பல வருடங்களாக ஏறக்குறைய இரண்டு ரூபாதான். அந்த இரண்டு ரூபாவை வைத்துக்கொண்டு இவ்வளவு சாதித்தது பெருமைதான். ஆனால் அது பங்கிடப்படும்போது தோட்டம் கடைசியில் நிற்கக்கூடாது. வைத்தியர்கள் சம்பளத்துக்காக எழுப்பும் குரலின் அதே பலத்தோடு, தோட்ட ஆஸ்பத்திரிகளை முழுமையாக அரசாங்கம் ஏற்கவேண்டும் என்றும் எழுப்ப வேண்டும். கம்பளையில் அன்று ஒரு வைத்தியர் எழுதினார். இன்று நம் பிள்ளைகளே வைத்தியர்களாக வந்திருக்கிறார்கள். அவர்களிடம் இதை நாம் உரிமையோடு கேட்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

பெரியவர்கள் செய்யட்டும் என்று காத்திருக்காமல், நம் கையிலிருக்கும் சிலவற்றைச் செய்வோம்.

உங்கள் தோட்டம் எந்தச் சுகாதார வைத்திய அதிகாரியின் பிரிவுக்குள் வருகிறது, உங்கள் குடும்பநல மருத்துவிச்சி யார் என்று அறிந்து வையுங்கள். பதவி வெற்றிடமாக இருந்தால் மாதர் சங்கத்தின் மூலம் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

கர்ப்பிணிகள் கிளினிக் நாளைத் தவறவிடக் கூடாது. இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டறியுங்கள். இரும்புச்சத்துக் குளிசையைச் சாயத் தண்ணீருடன் விழுங்காதீர்கள். தேயிலைச் சாயம் அந்தச் சத்து உடம்பில் சேராமல் தடுக்கும். நாம் பறிக்கும் கொழுந்தே நமக்குப் பகையாகலாமா?

பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் நிறையும் உயரமும் குறிக்கப்படுகிறதா என்று பாருங்கள். திரிபோஷ கிடைத்தால் அதை அந்தப் பிள்ளைக்கே கொடுங்கள்.

காய்ச்சலுடன் பிள்ளை மூச்சு வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், வலிப்பு வந்தால் நாளைக்கு என்று தள்ளவேண்டாம். 1990க்கு அழையுங்கள். அழைப்புக்கும் வண்டிக்கும் காசில்லை.

தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று. என்ன நோய், என்ன மருந்து, எதற்காகச் சத்திரசிகிச்சை என்று விளங்கும்வரை கேளுங்கள். விளங்காத தாளில் கையொப்பம் வைக்காதீர்கள்.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலில் மண்சரிந்து பாதைகள் அடைபட்டபோது, பல தோட்டங்கள் நாட்கணக்கில் ஆஸ்பத்திரியிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. அந்நாட்களில் பிரசவ வலி கண்ட பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள். புயல் எப்போதாவது வருகிறது. ஆனால் அந்தத் தூரம் தினமும் இருக்கிறது.

அடுத்த முறை வாக்குக் கேட்டு உங்கள் லயத்துக்கு எவராவது வந்தால், கூரைத் தகரத்தையும் கோயில் மணியையும் கேட்கும் முன், சகோதரிகளே, இதைக் கேளுங்கள்: "எங்கள் தோட்ட ஆஸ்பத்திரியை அரசாங்கம் எப்போது பொறுப்பேற்கும்?" பதிலை எழுதி வாங்குங்கள்.