ஒற்றைப்படைக்குப் பச்சரிசி

1900-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈய லம்பத்து (சுரங்க) வேலைக்கு வந்த சீன இளைஞர்கள் பலருக்குச் சில மாதங்களில் கால் வீங்கத் தொடங்கும். கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். அடுத்து நடை தள்ளாடும். வேறு சிலருக்கு வீக்கமே இருக்காது. கால் சூம்பி மரத்துப்போகும். நேற்றுவரை மண்வெட்டி பிடித்தவன் இன்று நெஞ்சு படபடத்து மூச்சு முட்டி இறந்துபோவதும் உண்டு. பெரிபெரி என்று அதற்குப் பெயர் இருந்தது. காரணம்தான் யாருக்கும் தெரியவில்லை.

அதே பேராக்கில், கிரியான் கரும்புத் தோட்டங்களிலும் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ரப்பர் தோட்டங்களிலும் லயங்களில் அடைந்து கிடந்த தமிழர்களை அந்த நோய் பெரும்பாலும் தொடவில்லை. அவர்கள் ஒன்றும் சுகமாக வாழ்ந்துவிடவில்லை. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோயின. கூலியும் சீனர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. பெரிபெரி மட்டும் ஒதுங்கி நின்றது.

மண்ணிலிருந்து கிளம்பும் விஷம் என்றார்கள் சிலர். கிருமி என்றார்கள் பலர். கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட்டே, இது இடத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் ஒரு தொற்று என்று நம்பினார். கிருமிகள் வரிசையாகப் பிடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. எந்த நோயைப் பார்த்தாலும் கிருமியைத் தேடுவதுதான் அன்றைய நாகரிகம்.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் வேறு பக்கம் பார்த்தார்: தட்டில். கம்பத்து மலாய்க்காரர்கள் தங்கள் வயல் நெல்லை அவ்வப்போது உரலில் குத்திச் சாப்பிட்டார்கள். சீனர்கள் சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியைச் சாப்பிட்டார்கள். தமிழர்களுக்குக் கடல் கடந்து வந்தது புழுங்கல் அரிசி. மூன்றாவதைத் தின்றவனுக்கும் முதலாவதைத் தின்றவனுக்கும் நோய் இல்லை. நடுவில் உள்ளவனுக்கு இருந்தது. இதை வைத்துப் பின்னர் 1907-இல் பிராடன் ஒரு தடித்த புத்தகமே எழுதினார்.

ஆனாலும் இது நிரூபணம் ஆகாது. சீனருக்கும் தமிழருக்கும் இடையே அரிசி மட்டுமா வேறு? வேலை வேறு, குடியிருப்பு வேறு, கள்ளும் அபினும் வேறு. வித்தியாசம் நூறு இருக்கும்போது அதில் ஒன்றைத் தொட்டு "இதுதான்" என்று சொல்ல என்ன உரிமை? பிராடனை எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது.

அதற்குப் பதில் தேடும் வேலை கோலாலம்பூர் மனநோய் விடுதிக்கு வந்தது. அங்கே பெரிபெரி பரவியிருந்தது. மருத்துவர் வில்லியம் பிளெட்சருக்கு அரிசிக் கொள்கையில் நம்பிக்கை இல்லை. 1905 டிசம்பரில் அவர் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, தோட்டத்துப் பெரட்டில் ஆள் எண்ணுவதுபோல் இடமிருந்து எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு கூடத்துக்கு, இரட்டைப்படை வந்தவர்கள் இன்னொன்றுக்கு. கறி, காய், உப்பு எல்லாம் ஒன்றுதான். ஒற்றைப்படைக்குப் பச்சரிசி, இரட்டைப்படைக்குப் புழுங்கல் அரிசி. அடுத்த ஆண்டு முடியும்வரை இது நடந்தது. ஒவ்வொரு பக்கமும் சுமார் 120 பேர். பச்சரிசிப் பக்கத்தில் நாலில் ஒருவருக்கு மேல் பெரிபெரி. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பக்கத்தில் இருந்த ஒன்றிரண்டு நோயாளிகளும் நோயோடு உள்ளே வந்தவர்கள். அங்கே பெரிபெரிச் சாவு இல்லை.

இந்த எண்ணுதலின் அழகை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். வரிசையில் ஏழாவதாக நிற்பவனுக்கும் எட்டாவதாக நிற்பவனுக்கும் இடையே எந்தக் காரணமும் இல்லை. இனம், வயது, உடல்பலம், இதுவரை தின்றது, இனி வரவிருக்கும் நோய், எல்லாம் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகக் கொட்டிவிடும். மருத்துவருக்கே தெரியாத காரணங்களும் சமமாகிவிடும், அதுதான் மந்திரம். மிஞ்சுவது அரிசி ஒன்றே. இன்று மருந்துக் கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்யும் சோதனைகளின் எலும்புக்கூடு இதுதான். இப்போது எண்ணுவதற்குப் பதில் கணினி சீட்டுக் குலுக்குகிறது.

பிறகு மருத்துவர்கள் ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் 1907-இல் இன்னும் ஒரு படி போனார்கள். நெகிரி செம்பிலானின் டுரியான் திப்புஸ் காட்டில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்தார்கள். மூன்று மாதம் ஆவதற்குள் பச்சரிசி அணியில் நோய் தலைகாட்டியது. அரிசியை நிறுத்தினார்கள், நோய் நின்றது. அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். இதுவரை நன்றாக இருந்த அணிக்கு நோய் வந்தது. நோயாளிகள் இருந்த இடத்தில் நலமானவர்களைக் குடிவைத்துப் பார்த்தார்கள்; ஒட்டவில்லை. இடத்தைப் பற்றிய தொற்று என்ற கதை அத்தோடு முடிந்தது. 1910-இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவர்கள் தீட்டிய அரிசிதான் காரணம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

இதை வியந்து படிக்கும்போதே ஒன்று உறுத்துகிறது. மனநோய் விடுதியில் இருந்தவர்களையோ, ஒப்பந்தத்தில் கட்டுண்டு காட்டுக்குள் வந்தவர்களையோ யார் சம்மதம் கேட்டார்கள்? இரண்டாவது சோதனை தொடங்கியபோது முதல் சோதனையின் 18 சாவுகள் ஏற்கெனவே கணக்கில் இருந்தன. இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அறிவியல் சரியாக இருந்தது, மனிதர்களை நடத்திய விதம் சரியாக இல்லை. இரண்டையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

புழுங்கல் அரிசிக்குள் என்ன நடக்கிறது? தயமின் என்ற வைட்டமின் பி1, நெல்மணியின் தவிட்டிலும் முளையை ஒட்டிய பகுதியிலும் குவிந்திருக்கிறது. பச்சை நெல்லை ஆலையில் தீட்டினால் தவிடும் முளையும் போகும், கூடவே தயமினும். நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்துப் பிறகு குத்தினால் கதை வேறு. தயமின் நீரில் கரையும். ஊறும்போதும் அவியும்போதும் அது மணியின் உள்ளே இறங்குகிறது. மாவுச்சத்து வெந்து கெட்டியாகி அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் பச்சரிசியைப்போல் பல மடங்கு தயமின் உள்ளே தங்கிவிடும். அரிசி களையும்போதும் குறைவாகவே கழுவிப் போகும். தின்ற மாவுச்சத்தை உடல் சக்தியாக மாற்றத் தயமின் வேண்டும். நரம்பும் இதயமும் அந்தச் சக்தியை நம்பியே ஓடுபவை. உடலின் சேமிப்போ சில வாரங்களுக்குத்தான் வரும். சோற்றையே மலையாகத் தின்று உடலுழைப்புச் செய்பவனுக்குத் தேவை கூடும், வரவு குறையும். லம்பத்தில் நடந்தது அதுதான்.

தென்னிந்தியாவிலும் இதே கோடு கிழிபட்டிருந்தது. 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவு, பச்சரிசி தின்ற ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் அந்த நோய் இருப்பதையும், புழுங்கல் தின்ற தமிழ் மாவட்டங்களில் அரிதாக இருப்பதையும் ஆராய்ந்தது. அந்தப் பிரிவுதான் வளர்ந்து இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. தயமினை 1936-இல் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய அமெரிக்கர் ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்த ஊர் நெல்லூர்!

"நம் முன்னோர் அப்போதே அறிந்திருந்தார்கள்" என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அறிந்திருக்கவில்லை. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, பூச்சி எளிதில் அண்டாது, இரவு நீரூற்றி வைத்தால் காலையில் பழைய சோறு நன்றாக இருக்கும். அதற்காகச் செய்தார்கள். தயமின் ஓசையில்லாமல் கூடவே வந்தது.

இன்று பேராக்கில் பெரிபெரியைக் காண்பது அரிது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, வீட்டுமனையாகி, லயத்துப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் ஈப்போ புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் குடியேறிவிட்டார்கள். நோயும் மாறிவிட்டது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. இதற்கும் மருந்தாகக் கடைத்தெருவில் சொல்லப்படுவது பொன்னி புழுங்கல் அரிசிதான்! "பொன்னி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது" என்பதற்கு யாரும் ஒற்றைப்படை இரட்டைப்படை எண்ணிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. புழுங்கல் மாவுச்சத்து கொஞ்சம் மெதுவாகச் செரிக்கலாம். சோற்றின் அளவு மலையாகவே இருந்தால் அந்த மெதுவால் என்ன பயன்?

தீட்டாத அரிசியை எண்ணிப் பார்த்தவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். லாப நோக்கமற்ற மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், எடை கூடிய 15 பேருக்கு வெள்ளை அரிசி, தீட்டாத அரிசி, தீட்டாத அரிசியோடு பருப்பு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். தீட்டாத அரிசி நாட்களில் இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் சுமார் 20 விழுக்காடு குறைந்தது. அரிசியை மாற்றிப் பார்ப்பது டுரியான் திப்புஸ் வழிதான், சம்மதக் கையெழுத்தோடு. ஆனால் 15 பேர், சில நாட்கள். இதை வைத்து ஒரு நாட்டின் சமையலறையை மாற்றச் சொல்ல நான் துணிய மாட்டேன்.

பிள்ளைகளுக்கான உணவுத் திட்டம் பலன் தந்ததா என்று எண்ணிப் பார்ப்பது இன்னும் சிக்கல். மலேசியப் பள்ளிகளில் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கான துணை உணவுத் திட்டம் 1970களின் கடைசியிலிருந்து நடக்கிறது. ஏழைக் குடும்பத்தில் எடை குறைந்த ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையான குழந்தைகளுக்கு அரசாங்க கிளினிக் வழியாகப் பால்மாவு, நெத்திலி, பிஸ்கட் முதலியவை அடங்கிய உணவுக்கூடை 1989 முதல் கொடுக்கப்படுகிறது. இருந்தும் வயதுக்கேற்ற உயரம் இல்லாத, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2015-இல் 17.7 விழுக்காடு, 2019-இல் 21.8 விழுக்காடு. திட்டம் தோற்றுவிட்டதா? அப்படிச் சொல்ல முடியாது. திட்டம் இல்லாமல் இருந்திருந்தால் 30 ஆகியிருக்குமோ? அதையும் சொல்ல முடியாது. கூடை வாங்கிய குழந்தையைப் பார்க்கிறோம்; அதே குழந்தை வாங்காமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை ஒருக்காலும் பார்க்க முடியாது.

"கூடை கொடுத்தபின் எடை ஏறியதே" என்பதும் போதாது. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து எடை அடிமட்டத்துக்குப் போன நேரத்தில்தான் குழந்தை பட்டியலில் சேர்கிறது. அங்கிருந்து பல குழந்தைகள் தானாகவே கொஞ்சம் ஏறத்தான் செய்யும். இன்னொன்று, மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒன்றுக்கு மட்டும் பால் கலக்கிக் கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? கூடை வீட்டுக்குப் போகிறது. ஒரு வயிற்றுக்குப் போவதில்லை. திட்டத்தை மதிப்பிடுகிறவர் தராசோடு அடுப்படியையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

வயதும் முக்கியம். மத்திய அமெரிக்க ஊட்டச்சத்து நிறுவனம் 1969 முதல் 1977 வரை குவாத்தமாலாவில் நான்கு கிராமங்களில் ஒரு சோதனை நடத்தியது. இரண்டு கிராமங்களுக்குப் புரதம் நிறைந்த கஞ்சி. மற்ற இரண்டுக்குப் புரதமில்லாத இனிப்புப் பானம். வெறுங்கையோடு ஏன் விடவில்லை என்றால், மையத்துக்கு வருவதும் கவனிப்பும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டுமே. பல்லாண்டு கழித்துத் தேடிப்போனபோது, முதல் இரண்டு வயதில் கஞ்சி குடித்த ஆண்கள் மணிக்கு 46 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். வளர்ந்தபின் குடித்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. ஏழு வயதில் வகுப்பில் வரும் தட்டு பசியை ஆற்றும், பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்கும். அதுவே பெரிய காரியம். குறைந்துபோன உயரத்தை அது திருப்பித் தரும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல.

இப்படிப்பட்ட சோதனையை யாரையும் பட்டினி போடாமல் செய்ய வழி உண்டு. மெக்சிகோ 1997-இல் ஏழைக் குடும்பங்களுக்குப் பணமும் குழந்தைகளுக்குச் சத்துணவும் கொடுக்கும் புரோக்ரேசா திட்டத்தைத் தொடங்கியபோது, ஆய்வுக்காக 506 கிராமங்களை எடுத்துச் சீட்டுப் போட்டது. 320 கிராமங்களுக்கு முதலில். மற்ற 186-க்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து. எப்படியும் ஒரே நாளில் எல்லோருக்கும் கொடுக்கக் காசில்லை. வரிசையை அரசியல்வாதியின் சிபாரிசு முடிவு செய்வதற்குப் பதில் சீட்டு முடிவு செய்தது. வாஷிங்டனில் உள்ள லாப நோக்கமற்ற அனைத்துலக உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனம் இரு பக்கத்தையும் அளந்து பலனைச் சொன்னது. 2000-இல் ஆட்சி மாறியும் திட்டம் பிழைத்ததற்கு அந்தக் கணக்கு ஒரு காரணம்.

பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல பள்ளிகள், தோட்டம் போய்விட்டாலும் தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்கின்றன. சிலவற்றில் முப்பது நாற்பது பிள்ளைகள்கூட இல்லை. நாளை காலையுணவில் முட்டையோ பருப்போ கூட்டும் ஒரு திட்டம் வந்தால், சிறிய பள்ளிக்குச் சிறிய பள்ளியை, நகரப் பள்ளிக்கு நகரப் பள்ளியை ஜோடி சேர்த்துச் சீட்டுப் போடலாம்: இந்த ஆண்டு 67, அடுத்த ஆண்டு 67. சீட்டு எழுதும் நாளுக்கு முன்பே 134 பள்ளிகளிலும் பிள்ளைகளின் உயரம், எடை, ஹீமோகுளோபின், வருகைப்பதிவு நான்கையும் எடுத்து வைத்துவிட வேண்டும். தட்டு வந்தபின் அளக்கத் தொடங்கினால் எதோடு ஒப்பிடுவது?