கெடிலம் கடல் சேரும் கடலூர்

உளுந்தூர்பேட்டை வட்டாரத்து மக்களுக்குக் கடல் என்றால் கடலூர்தான். மடப்பட்டு, பண்ருட்டி வழியாகப் பஸ் ஏறினால் தேவனாம்பட்டினத்து மணல்வெளி எழுபது கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரம். அந்தப் பக்கத்து ஆறும் அதே திசையில்தான் போகிறது. கள்ளக்குறிச்சிச் சீமையில் மையனூர்ப் பக்கம் பிறக்கும் கெடிலம், உளுந்தூர்பேட்டைக்கு வடக்கே சென்னை – திருச்சி நெடுஞ்சாலையைக் கடந்து, சுந்தரர் பிறந்த திருநாவலூரையும் அப்பரின் திருவதிகையையும் தொட்டுக்கொண்டு, சுமார் 112 கி.மீ. ஓடிக் கடலூரில் கடலைச் சேர்கிறது. சுந்தர சண்முகனார் இந்த ஒரு சிற்றாற்றை மட்டும் எடுத்துக்கொண்டு ‘கெடிலக் கரை நாகரிகம்’ என்று பெரிய நூலே எழுதினார். நிர்வாகமும் நெடுங்காலம் ஆற்றின் வழியே சென்றது. 1993-இல் தென்னாற்காடு மாவட்டம் பிரிக்கப்படும்வரை உளுந்தூர்பேட்டைக்காரர் கலெக்டரிடம் மனுக் கொடுக்கக் கடலூர் மஞ்சக்குப்பத்துக்குத்தான் போயாக வேண்டும். பிறகு விழுப்புரம், 2019 முதல் கள்ளக்குறிச்சி என்று தலைமை ஊர் மாறிவிட்டது.

புதுச்சேரிக்குத் தெற்கே 22 கி.மீ. தொலைவில், வங்கக் கரையில், கடல் மட்டத்தைவிடச் சில அடிகளே உயர்ந்த சமவெளியில் இருக்கிறது கடலூர். நான்கு ஆறுகள் இங்கே கடலைத் தேடி வருகின்றன. நகரின் வடக்கு எல்லையில் தென்பெண்ணை. கர்நாடகத்து நந்தி மலையில் தொடங்கி சாத்தனூர் அணை தாண்டி வரும் பேராறு. நடுவில் கெடிலம். தெற்கே பரவனாறும் உப்பனாறும் சேர்ந்து கடலோரத்துக்கு இணையாக ஒரு கழியை உண்டாக்குகின்றன; பழைய துறைமுகம் அந்தக் கழியில்தான் அமைந்தது. கழிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் திட்டில் சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், அக்கரைக்கோரி முதலிய மீனவர் குப்பங்கள்.

ஆறுகள் குறுக்கிட்டதால் ஊரும் துண்டு துண்டாகவே வளர்ந்தது. கெடிலத்துக்கு வடகரையில் அலுவலகங்களும் நீதிமன்றமும் உள்ள மஞ்சக்குப்பம், புதுப்பாளையம். அண்ணா பாலம் தாண்டினால் தென்கரையில் கோயிலும் கடைத்தெருவும் பேருந்து நிலையமுமாகத் திருப்பாதிரிப்புலியூர், பேச்சில் திருப்பாப்புலியூர். அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் போனால் துறைமுகமும் பழைய வணிகத் தெருக்களும் கொண்ட முதுநகர். முதுநகரை ‘ஓ.டி.’ (ஓல்டு டவுன்) என்றும் மற்ற பகுதிகளை ‘என்.டி.’ (நியூ டவுன்) என்றும் பஸ் நடத்துநர் முதல் கல்யாணப் பத்திரிகை வரை எல்லோரும் சொல்கிறார்கள். ரயில்வேயும் இந்தப் பிரிவை மதித்து இரண்டு நிலையங்கள் வைத்திருக்கிறது: திருப்பாதிரிப்புலியூர் ஒன்று, விருத்தாசலம் பாதை பிரியும் கடலூர் துறைமுகம் சந்திப்பு மற்றொன்று. புதிதாக வருகிறவர் தவறான இடத்தில் இறங்கிவிட்டு ஆட்டோ தேடுவது இன்றும் நடக்கிறது.

தட்டையான இந்த நிலத்தில் மேடு என்று சொல்லத்தக்கது மேற்கே உள்ள கேப்பர் மலை. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த கேப்பர் என்ற அதிகாரியின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. மலை என்பது மரியாதைக்குத்தான். செம்மண்ணும் செம்பாறாங்கல்லும் கலந்த மேட்டுநிலம் அது. மத்தியச் சிறைச்சாலை அங்கே இருக்கிறது. நிலவியலாளர்கள் இந்தப் பகுதியின் பாறை அடுக்குக்குக் ‘கடலூர் மணற்பாறை’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும், சுரங்கத்துக்குத் தொல்லை தரும் அழுத்த நிலத்தடி நீரும் இதே அடுக்கைச் சேர்ந்தவை. மழையைப் பொறுத்தவரை, ஆண்டு மொத்தத்தில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும்.

கடலூரின் பழைய வரலாறு திருப்பாதிரிப்புலியூரில் தொடங்குகிறது. பாதிரி மரத்தைத் தலமரமாகக் கொண்ட பாடலீசுவரர் கோயில் இன்று அதன் அடையாளம். ஆனால் சைவத் தலமாக அறியப்படுவதற்கு முன்பே அது சமணர்களின் பெரிய கல்வி மையம். சர்வநந்தி என்ற சமண முனிவர் பாடலிகா என்ற ஊரில் இருந்துகொண்டு ‘லோகவிபாகம்’ என்ற உலக அமைப்பு நூலை எழுதினார். காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 380 என்று அந்த நூல் தன் காலத்தைக் குறிக்கிறது, அதாவது கி.பி. 458. பல்லவர் வரலாற்றின் ஆண்டுக் கணக்கை நிலைநிறுத்த ஆய்வாளர்களுக்குக் கிடைத்த அரிய பிடிமானம் இது. இன்னொரு சிறப்பும் உண்டு. பூச்சியத்தோடு கூடிய இடமதிப்பு முறையில் எண்களைச் சொல்லும், காலம் உறுதியான மிகப் பழைய நூல்களில் இதுவும் ஒன்று என்று கணித வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். மூல நூல் மறைந்து, பிற்காலத்து வடமொழி வடிவமே மிஞ்சியது. பாடலிகாவைத் திருப்பாதிரிப்புலியூர் என்று கொள்வதே பெரும்பான்மைக் கருத்து.

ஏழாம் நூற்றாண்டில் இந்தச் சமணப் பள்ளியில்தான் தருமசேனர் என்ற பெயரில் திருநாவுக்கரசர் இருந்தார் என்கிறது பெரியபுராணம். அவர் சைவத்துக்குத் திரும்பியதும், பல்லவ மன்னன் அவரைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ளியதும், கல்லே தெப்பமாகி இங்கே கரையேறியதும் அந்த நூல் சொல்லும் கதை. அவர் கரை சேர்ந்ததாக நம்பப்படும் இடம் வண்டிப்பாளையத்தை ஒட்டிய கரையேறவிட்டகுப்பம். மன்னன் பின்னர் மனம் மாறி, பாடலியின் பள்ளிகளை இடித்து அந்தக் கற்களால் திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான் என்றும் புராணம் சேர்த்துச் சொல்கிறது. பள்ளி இருந்த இடம் எது என்று காட்டும் கட்டடம் எதுவும் இன்று கடலூரில் இல்லை.

ஐரோப்பியர் வருகையில் முந்திக்கொண்டவர்கள் டச்சுக்காரர்கள். செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்று 1608-இல் தேவனாம்பட்டினத்தில் காலூன்றினார்கள். துணிதான் அவர்களை இழுத்தது. கெடில முகத்துவாரத்தை ஒட்டி ஓர் இந்து வணிகர் கட்டியிருந்த சிறு கோட்டை, 1677-இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்த பிறகு மராட்டியர் கைக்குப் போனது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, ஔரங்கசீப்பின் படைகள் நெருக்க, செஞ்சியில் அடைந்துகிடந்த சிவாஜியின் மகன் ராஜாராமுக்குப் பணம் தேவைப்பட்டது. சென்னையில் ஆங்கிலக் கம்பெனியின் கவர்னராக இருந்த எலிஹு யேல் கோட்டையை விலை பேசினார்.

1690-இல் முடிந்த அந்த வியாபாரத்தின் நிபந்தனை விசித்திரமானது. கோட்டையோடு, அங்கிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அந்த எல்லைக்கு உட்பட்ட நிலமும் கம்பெனிக்குச் சொந்தம். ஆங்கிலேயர் பெரிய பீரங்கி ஒன்றைத் தேர்ந்து, திசைக்கு ஒன்றாகச் சுட்டார்கள். குண்டு விழுந்த இடமெல்லாம் எல்லை. கடலூர் நகரமும் சுற்றுக் கிராமங்களும் இப்படி ஒரே நாளின் வெடிச் சத்தத்தில் கைமாறின. சங்கிலி பிடித்து அளந்திருந்தால் இத்தனை கிடைத்திருக்காது. விற்றவர் தரப்பில் பீரங்கியின் அளவை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் நிலைத்தது. குண்டு உப்பலவாடி என்ற ஊரும் குண்டு சாலை என்ற தெருப்பெயரும் இன்றைய பத்திரங்களிலும் முகவரிகளிலும் அதைச் சுமந்து நிற்கின்றன. யேல் வேல்ஸ் வம்சத்தவர். கோட்டைக்கு வேல்ஸ் நாட்டுப் புனிதரின் பெயரால் செயின்ட் டேவிட் என்று பெயர் வந்தது. இந்தியாவில் அவர் சேர்த்த செல்வத்தின் ஒரு பகுதி பின்னர் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு நன்கொடையாகப் போய், யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயராயிற்று.

அடுத்த நூறாண்டில் கடலூர் பார்த்த போர்கள் இவ்வளவு சிறிய ஊருக்கு அதிகம்தான். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது, கம்பெனியில் எழுத்தராக இருந்த ராபர்ட் கிளைவ் மாறுவேடத்தில் தப்பி இந்தக் கோட்டைக்குத்தான் வந்தார். எழுதுகோலை வைத்துவிட்டுப் படையில் சேர்ந்ததும் இங்கேயே. அந்த ஆண்டு முதல் 1752 வரை தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடம் செயின்ட் டேவிட் கோட்டை. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு கவர்னர் டூப்ளே திரும்பத் திரும்பப் படை அனுப்பியும் அது விழவில்லை. 1749-இல் ஐரோப்பிய உடன்படிக்கையால் சென்னை திரும்பக் கிடைத்தது; மூன்று ஆண்டுகளில் தலைமையும் அங்கே போய்விட்டது. கிளைவ் 1756-இல் இதன் ஆளுநராகத் திரும்பி வந்தாலும் அதிக நாள் தங்கவில்லை, வங்காளம் அழைத்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். 1760-இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட் மீட்டார். 1782-இல் ஹைதர் அலியின் துணையோடு பிரெஞ்சுக்காரர் மறுபடி கைப்பற்றினர். 1783 ஜூனில் ஆங்கிலப் படை நிலத்தில் முற்றுகையிட, கரைக்கு எதிரே பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூஸும் கடற்போர் நடத்தினார்கள். ஐரோப்பாவில் முன்பே சமாதானம் பேசி முடித்துவிட்டார்கள் என்ற செய்தி கப்பலேறி வருவதற்குள் இரு பக்கமும் ஆயிரக்கணக்கானோர் செத்தும் காயப்பட்டும் போனார்கள். 1785-இல் ஊர் நிரந்தரமாக ஆங்கிலேயர் வசமானது. கோட்டையில் மிச்சம், தேவனாம்பட்டினத்தில் கெடிலக் கரையை ஒட்டிய இடிந்த செங்கல் சுவர்கள்.

1801-இல் ஆற்காட்டு நவாபின் நாடு கம்பெனியிடம் சேர்ந்ததும் கடலூர் தென்னாற்காட்டின் தலைநகரானது. கோட்டை ஆளுநர்களின் தோட்ட மாளிகை, ‘கார்டன் ஹவுஸ்’, கலெக்டரின் இருப்பிடமாயிற்று. 1866-இல் நகராட்சி வந்தது. சர்க்கரை, எண்ணெய் வித்துகள், அவுரி ஆகியவை அந்நாளில் கப்பலேறிய சரக்குகள். சர்க்கரைக்குக் காரணம், பக்கத்து நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனி நடத்திய ஆலை. தாழ்ந்த நிலமாக இருந்தும் உடம்புக்கு ஏற்ற ஊர் என்று பெயர் பெற்று, மாவட்டத்தின் மற்ற பகுதிகளிலிருந்து உடல்நலம் தேற வருவோரும் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் கடலூரைப் பார்த்தவர்களுக்கு இது நம்ப முடியாத செய்தி.

புதுச்சேரிக்கு மிக அருகில் இருந்த பிரிட்டிஷ் ஊர் என்பதால் விடுதலைப் போராட்டக் காலத்திலும் கடலூருக்குத் தனிப் பங்கு உண்டு. பத்தாண்டு புதுச்சேரி வாழ்க்கைக்குப் பின் 1918 நவம்பரில் எல்லை தாண்டிய பாரதியார் கைதாகி, டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையில் இருந்தார். முதுநகரில் 1890-இல் பிறந்த அஞ்சலை அம்மாள் 1927-இல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றும் போராட்டத்தில் மகளோடு கலந்துகொண்டு சிறை சென்றவர். பின்னர் மூன்று முறை சட்டமன்ற உறுப்பினர். தமிழ்ச் சிறுகதையின் இரண்டு பெரும் பெயர்கள் இந்த ஊரில் பிறந்தவை: புதுமைப்பித்தன் 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில், ஜெயகாந்தன் 1934-இல் மஞ்சக்குப்பத்தில். முன்னவர் திருநெல்வேலிக்காரராகவும் பின்னவர் சென்னைக்காரராகவுமே வாசகர் மனத்தில் பதிந்துவிட்டார்கள்.

துறைமுகம் வளராமல் போனதற்குக் காரணம் மணல். முகத்துவாரம் தூர்ந்துகொண்டே இருப்பதால் பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாது. கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். மூட்டைகளைப் படகுகளில் இறக்கி, அலை தாண்டி, கழிக்குள் கொண்டுவந்து, மறுபடி தோளில் ஏற்றிக் கரை சேர்க்க வேண்டும். உரக் கப்பல்கள் வந்த காலத்தில் முதுநகர்ச் சுமைதூக்குவோருக்கு அது நல்ல பிழைப்பு. மழையும் அலையும் உள்ள நாளில் கப்பல் சும்மா நிற்கும். நிற்கும் ஒவ்வொரு நாளும் செலவு. சென்னையும் தூத்துக்குடியும் ஆழ்கடல் துறைமுகங்களாக வளர்ந்தபின் வணிகர்கள் இங்கே வர அவசியம் இல்லாமற்போயிற்று. மீன்பிடிப்பு நிலைத்து நின்றது. கவளை, மத்தி, நெத்திலி ஏலம் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். சுருக்குமடி வலையை அனுமதிப்பதா தடுப்பதா என்ற சண்டை குப்பங்களுக்கிடையே பல ஆண்டுகளாக ஓயாமல் நடக்கிறது.

1980-களில் சிதம்பரம் சாலையில், உப்பனாற்றை ஒட்டி, சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி என்று பெரும்பாலும் ரசாயன ஆலைகள். வேலை கிடைத்தது, கூடவே குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்களில் மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றமும் கெட்ட கிணற்று நீரும் வந்தன. நாற்றத்தை நாள்வாரியாகக் குறித்துவைத்து அதிகாரிகளிடம் கொடுக்கும் வேலையைக் கிராமத்தாரே செய்ய வேண்டியிருந்தது.

தாழ்ந்த நிலமும் நான்கு ஆறும் கடலும் சேர்ந்தால் வெள்ளத்துக்கு வேறு காரணம் வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் கடுமையாக அடிபட்டவை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. வீட்டைச் சில மாதங்களில் கட்டிவிடலாம். பலா காய்க்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை பெய்து, கீழே உள்ள ஊர்களைப் பரவனாறு மூழ்கடித்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையில் இருந்த குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. கடலூரில் அப்போது பெரிய மழை தேவைப்படவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலையில் பெய்ததே போதுமானதாக இருந்தது.

1901 கணக்கெடுப்பில் கடலூரின் மக்கள்தொகை 52,216. ஒரு நூற்றாண்டில் அது மும்மடங்காகி 2001-இல் 1,58,569 ஆனது. 2011-இல் 1,73,636, அந்தப் பத்தாண்டின் வளர்ச்சி பத்து விழுக்காட்டுக்குள் அடங்கிவிட்டது. ஆண்களைவிடப் பெண்கள் சற்றே அதிகம். பெரும்பான்மையினர் இந்துக்கள், முஸ்லிம்களும் கிறித்தவர்களும் தலைமுறைகளாக இருந்து வருகிறார்கள். தரங்கம்பாடி மிஷனரிகள் 1717-லேயே இங்கே பள்ளி தொடங்கினார்கள். வளர்ச்சி குறைந்ததாகக் கணக்கு காட்டுவதற்கு ஒரு காரணம், புதிய குடியிருப்புகள் எழுந்த பாதிரிக்குப்பம், குண்டு உப்பலவாடி போன்ற சுற்று ஊர்கள் அப்போது ஊராட்சிகளாகத் தனியே எண்ணப்பட்டதுதான். படித்த பிள்ளைகள் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுவதும் உண்டு. நகராட்சி 2021-இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டு, 45 வார்டுகளோடு இயங்குகிறது. அதே ஆண்டு நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027-க்கு அறிவிக்கப்பட்டது.